மிச்ச தூரம்

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மேடோ பள்ளமோ இல்லாத சமதரைச் சாலையில், திரையிலிருந்த எண் ஒன்று கூடியது.

நூற்றைம்பத்தாறு என்று இருந்தது. கைதுங் முன்னால் போய்க்கொண்டிருந்த லாரியின் பின்கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தபோது நூற்றைம்பத்தேழு என்று இருந்தது. மின்சார வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த எண் கைநாடி மாதிரி. இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று வண்டி தானே போட்டுச் சொல்லும் கணக்கு. இறக்கத்தில் இறங்கினால் சக்கரமே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும், அப்போது கூடும். ஆனால் இந்தப் பக்கத்தில் இறக்கம் ஏது? இரண்டு புறமும் அறுப்பு முடிந்த சோள வயல்கள், பனிக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைகள், தூரத்தில் ஒரு வரிசை நெட்டிலிங்க மரங்கள், அவற்றுக்குப் பின்னால் இப்போதே சிவக்கத் தொடங்கிவிட்ட சூரியன். நாலரை மணிக்கு இருட்டிவிடும். வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.

லாரியின் காற்றுமறைவில் ஓட்டுவதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாத வித்தை இல்லை. வடசீனத்து ஹார்பின் நகர மின்வண்டிக்காரர்களின் போன் குரூப்பில் அவன் பெயரே முந்நூறு அண்ணன். மற்றவர்கள் இருநூறு போவதற்குள் மூச்சுவாங்கும் குளிரில் அவன் முந்நூறு போய்க் காட்டியவன். கிளம்புவதற்கு முன்னால், சார்ஜில் இருக்கும்போதே பேட்டரியைச் சூடாக்கிவிடு. டயரில் காற்று குறையவிடாதே. எழுபதுக்கு மேல் அழுத்தாதே. பெரிய லாரி ஒன்று கிடைத்தால் அதன் பின்னால் ஒட்டிக்கொள். டிக்கியில் கிடக்கும் வேண்டாத எடையை இறக்கிவிடு. எல்லாவற்றுக்கும் மேலே, ஹீட்டரைத் தொடாதே. தூரத்தைத் தின்கிற பேய் அதுதான். பஞ்சடைத்த கோட்டுப் போடு, மடியில் வெந்நீர்ப் பை வை, கம்பளிச் செருப்பு மாட்டு. இதையெல்லாம் அவன் குரலில் பேசிப் பதிந்து அனுப்புவான். நூற்றுக்கணக்கானவர்கள் கேட்பார்கள், கட்டைவிரல் தூக்கிக் காட்டுவார்கள்.

போன புத்தாண்டு இரவில் மட்டும் அவன் கணக்கு தப்பியது. வீட்டுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுபோனது. இழுவை வண்டி வந்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தபோது, அவன் மகள் மைமை சாப்பாட்டு மேசையில் கன்னத்தை வைத்து, கையில் சாப்பாட்டுக் குச்சியோடு தூங்கியிருந்தாள். அப்பா வராமல் ஒரு கொழுக்கட்டையும் தொடமாட்டேன் என்று உட்கார்ந்தவள். மைத்துனன் தாலியாங் வாசலில் நின்று, "வா மச்சான். வண்டி உன்னை ஏத்திட்டு வரும்னு பார்த்தா, நீ வண்டியை ஏத்திட்டு வர்றே," என்றான். மறுநாளே கைதுங் நகரத்துக்குத் திரும்பவேண்டியிருந்தது. அதற்கப்புறம் மைமைக்கு அவன் ஒரு வருஷமாகப் போன் திரையில் தெரியும் முகம் மட்டும்தான்.

இந்த முறை ஆறு மணிக்கு முன்னால் மேசையில் இருப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தான்.

நூற்றைம்பத்தெட்டு.

எங்கோ பின்னால், டொக் டொக் என்று இரண்டு சின்னச் சத்தம். சக்கரம் வாரியடித்த பனிக்கட்டி வண்டியின் அடிவயிற்றில் படும் சத்தமாக இருக்கலாம்.

அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. இன்று மதியம் கேட்ட சத்தம் மாதிரி இருந்தது.

இரட்டைமரம் ஓய்விடத்தில் சார்ஜ் போடும் தூண்கள் நான்கு. ஒன்று குளிரில் செத்துக்கிடந்தது. மற்ற மூன்றுக்கும் முன்னால் முப்பது வண்டி நின்றன. புத்தாண்டுக்கு வீடு திரும்பும் கூட்டம். சீட்டு கிடையாது, எண் கிடையாது. நிற்கிற வரிசைதான் முறை. இருக்கிற சார்ஜைக் காப்பாற்ற எல்லோரும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போர்த்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். வரிசை நகரும்போது முன்வண்டிக்காரனோ பின்வண்டிக்காரனோ இறங்கி வந்து, விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவான். அவ்வளவுதான். குளிர்நாட்டுச் சாலையில் அதுதான் சட்டம். யாரும் எழுதி வைத்ததில்லை.

இன்று மதியம் கைதுங்கும் தூங்கிவிட்டான். டொக் டொக் என்று கேட்டுக் கண்ணைத் திறந்தபோது வெளியே காதுமூடும் தோல் குல்லா போட்ட ஒரு இளைஞன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, தூங்கிடாதீங்க! லைன் நகருது." பிறகு கண்ணை அகல விரித்தான். "நீங்க முந்நூறு அண்ணன்தானே? முன்கண்ணாடி ஸ்டிக்கரைப் பார்த்தேன். நான்தான் பனிமுயல்! குரூப்புல தினம் உங்க உசிரை வாங்கறவன்!"

"நீயா அது? உன் கேள்விக்குப் பதில் சொல்லியே என் போன் சார்ஜ் தீந்துடுது."

பையன் பல் நடுங்கச் சிரித்தான். "ஹார்பின்லேருந்து ஹீட்டரைத் தொடவே இல்லண்ணே. நீங்க சொன்ன மாதிரியே. அறுபது கிலோமீட்டர் கூடக் கெடைச்சிருக்கு!"

"அது சரி. பெரிய கோட்டு எங்கடா?"

"எடைதானேண்ணே அது. வேண்டாததை இறக்கிடுன்னு நீங்கதானே சொன்னீங்க." அதுவும் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். "வாடகை வீட்டு அக்கா அவிச்சுக் குடுத்தாங்க. ரெண்டு இருக்கு, ஒண்ணு உங்களுக்கு. எங்கம்மா கையால சாப்பிடறவரைக்கும் எனக்கு ஒண்ணு தாங்கும்."

முட்டை கதகதவென்று இருந்தது. நெஞ்சோடு வைத்திருந்திருக்கிறான்.

"அண்ணே, எனக்கும் கண்ணு சொக்குது. என் முறை வந்தா ஒரு தட்டுத் தட்டுவீங்களா?"

"போடா, போய்ப் படு. தட்டறேன்."

பையன், கைதுங்குக்கு நேர் முன்னால் நின்ற தன் வெள்ளை வண்டிக்குப் போனான். கைதுங் முட்டையைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டு மணி பத்துக்கு ஒரு தூண் காலியானது. வரிசையில் முதலில் நின்ற வெள்ளை வண்டி அசையவில்லை. கைதுங் இறங்கினான், பனி நறநறக்க நடந்தான், வெள்ளை வண்டியின் பக்கத்தில் நின்றான், கையுறைக்குள் விரலை மடக்கினான். கண்ணாடியில் உள்பக்கமாகப் பனிப்பூ படர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் குல்லாவின் ஒரு காது தெரிந்தது.

அப்போது அவன் கணக்குப் போட்டான். இவனுக்கு இந்தத் தூண் என்றால் அடுத்தது காலியாக நாற்பது நிமிஷம்கூட ஆகலாம். அப்புறம் எனக்கு நாற்பது நிமிஷம். வெயில் போய்விடும். வெயில் போனால் குளிர் இன்னும் நாலு டிகிரி இறங்கும். நாலு டிகிரி என்றால் பதினைந்து கிலோமீட்டர்.

போன வருஷம் முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

மடக்கிய விரலைக் கீழே இறக்கினான். தூங்குகிறான், பாவம், தூங்கட்டும். நல்ல தூக்கத்தில் எழுப்புவது பாவம். அப்படித்தான் சொல்லிக்கொண்டான். மனிதன் தன் சுயநலத்துக்குப் போர்த்திவிடும் போர்வைகளில் இரக்கத்தைப் போல் கச்சிதமாகப் பொருந்துவது வேறொன்றுமில்லை.

வண்டியை ஒடித்து, வெள்ளை வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்த் தூணில் நிறுத்தினான். நாற்பது நிமிஷம் சார்ஜ் ஏறியது. நாற்பது நிமிஷமும் பக்கக் கண்ணாடியில் அந்த வெள்ளை வண்டி தெரிந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்களும் அவன் போட்ட தடத்திலேயே சுற்றிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போதாவது தட்டியிருக்கலாம். ஆனால் எழுந்தவன் கேட்பானே, அண்ணே, என் முறை போயிடுச்சா என்று. அந்த முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

நூற்று எழுபத்தாறு காட்டியது. வீட்டுக்கு நூற்று அறுபத்தைந்து. கிளம்பிவிட்டான்.

இப்போது இருபது கிலோமீட்டர் தாண்டி வந்த பின்னால் எண் ஏறிக்கொண்டிருந்தது. நூற்று அறுபது. நூற்று அறுபத்தொன்று. முன்னால் லாரி கரும்புகை விடாமல், வெண்புகை விடாமல், அதன் பின்கதவு ஒரு சுவரைப் போல ஒரே தூரத்தில் நின்றபடி போய்க்கொண்டிருந்தது. ஹீட்டர் இல்லாத வண்டிக்குள் அவன் மூச்சு வெள்ளையாக எழுந்து, ஸ்டீயரிங்கின் மேல் சற்று நேரம் நின்று, பிறகு பின்பக்கமாக நகர்ந்து போனது. காற்று ஓட்டமே இல்லாத இடத்தில் அது ஏன் எப்போதும் பின்பக்கமாகவே போகிறது என்று அவன் யோசிக்காமலிருக்கப் பார்த்தான். மடியிலிருந்த வெந்நீர்ப் பை ஆறி, செத்த பிராணி மாதிரி கனத்தது. ரப்பர் வாசனையும் பழைய கோட்டின் பஞ்சு வாசனையும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, எங்கிருந்தோ, அவித்த முட்டையின் வாசனை.

போன் கிணுங்கியது. குரூப்பில் ஒரு குரல் செய்தி. அழுத்தினான். ஹார்பினில் டாக்சி ஓட்டும் பூசணி அக்கா. குரூப்பை நடத்துகிறவள், ஊர்க் கவலை முழுக்க அவளுடையது.

"ஏம்பா, இரட்டைமரத்துல நம்ம ஆளுங்க யாராச்சும் நிக்கறீங்களா? பனிமுயல் ஒண்ணரை மணியிலேருந்து பதில் சொல்லல. அவங்கம்மா எனக்குப் போன் மேல போன். அங்க யாராவது இருந்தா எறங்கிப் போய் அவன் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டுங்கப்பா. வெள்ளை வண்டி. கையென்ன தேஞ்சா போயிடும்?"

கைதுங் போனைப் பார்த்தான். பதில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் அங்கேதான் இருந்தேன் அக்கா, அவன் வரிசையில் முதல் ஆள், ஓய்விடத்துக்குப் போன் போடு. அப்புறம் அக்கா கேட்பாள்: அவன் முதல் ஆளுன்னா நீ எப்படிடா சார்ஜ் போட்டே?

அங்கே முப்பது வண்டி நிற்கிறது. யாராவது தட்டுவார்கள்.

போனைத் தாங்கியில் திருப்பி வைத்தான்.

நூற்று எழுபது. நூற்று எழுபத்து நான்கு. இப்போது அது மறைந்து ஏறவில்லை. அவன் பார்க்கப் பார்க்க ஏறியது. நூற்றெண்பது. நூற்றுத் தொண்ணூற்றாறு. ஒரு வினாடி மகிழ்ச்சிகூட வந்தது அவனுக்கு. இதைப் படமெடுத்துப் போட்டால் குரூப்பே வாய்பிளக்கும். பிறகு அந்த எண் இருநூற்றைந்தில் வந்து நின்றது.

நின்றேவிட்டது.

சாலையோரப் பலகை வந்தது. வெளியேறும் வழி, ஐந்நூறு மீட்டர். அங்கே இறங்கினால் பாலத்தின் கீழே திரும்பி எதிர்ப்பக்கம் ஏறலாம். இதற்குப் பிறகு அறுபது கிலோமீட்டருக்குத் திரும்ப வழியில்லை.

கணக்குப் போடக்கூடாது என்று நினைத்தான். கணக்கு தானாகப் போட்டுக்கொண்டது. ஓய்விடத்திலிருந்து இதுவரை நாற்பது கிலோமீட்டர். திரும்பிப் போக நாற்பது. அங்கிருந்து வீட்டுக்கு நூற்று அறுபத்தைந்து. மொத்தம் இருநூற்றைந்து.

ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. ஒன்று குறையவும் இல்லை. யாரோ அளந்து, ஊற்றி, விளிம்பு வழித்துக் கொடுத்த மாதிரி.

மேலே இருப்பவர் சில சமயம் மனிதனுக்கு இப்படி இன்னொரு முறை கொடுப்பார். கேட்காமலே கொடுப்பார். அதில் தன் பெயர் எழுதி அனுப்பமாட்டார்.

கைதுங் வலப்பக்க விளக்கைப் போட்டான். டிக், டிக், டிக் என்று அது துடித்தது. லாரி நேரே போனது. பாதை பிரியும் வெள்ளைக்கோடு நெருங்கியது. போய்த் தட்டிவிட்டு வந்தால் மணி ஏழாகிவிடும். மேசையில் கன்னம் வைத்த மைமை. கையில் குச்சி. சத்தியம்.

விளக்கை அணைத்தான்.

வெளியேறும் வழி வலதுபுறமாகக் கடந்து, சின்னதாகி, பின்கண்ணாடியின் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்தது.

போன் கிணுங்கியது.

இந்த முறை குரூப்பில் இல்லை, அவனுக்கு மட்டும். பனிமுயல். மூன்று வினாடிக் குரல்.

அழுத்தினான். முதலில் பஞ்சைக் காதில் வைத்தது போல ஒரு அமுக்கம். பிறகு தூக்கக் கலக்கத்தில் குழறிய குரல்.

"அண்ணே, என் முறை வந்துடுச்சா?"

கைதுங்குக்கு உடம்பெல்லாம் இளகியது. உயிரோடுதான் இருக்கிறான்! நான்தான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். தூங்கி எழுந்திருக்கிறான், அவ்வளவுதான். சிரிப்புக்கூட வந்தது. போனை வாய்க்கருகே கொண்டுவந்தான். மன்னிச்சுடுடா தம்பி, நான் முந்திட்டேன், உடனே எறங்கி முன்னாடி போய் நில்லு. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இன்னும் வரலடா தம்பி," என்றான். "வந்தா தட்டறேன். தூங்கு."

அனுப்பிவிட்டான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. மாலைக்குள் யாராவது அவனை எழுப்பிவிடுவார்கள், அதற்குள் நாம் வெகுதூரம் போயிருப்போம் என்று தோன்றியது.

எண் துள்ளியது. இருநூற்றைந்திலிருந்து இருநூற்று அறுபது.

வெளிச்சம் ஒரேயடியாக இறங்கியது. சூரியன் நெட்டிலிங்க மரங்களுக்குப் பின்னால் அமுங்கியதும் பனிவயல்கள் நீலமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு எங்கே தரை எங்கே வானம் என்று தெரியாமல் போயின. முன்னால் லாரியைக் காணவில்லை. எப்போது விலகிப் போனது? அது இருந்த இடத்தில் இப்போது அவன் வண்டியின் விளக்கொளி மட்டும், அதில் குறுக்கே ஓடும் பொடிப் பனி. காற்றுமறைவு போய்விட்டது. தூரம் குறையவேண்டும். இருநூற்றெழுபது. இருநூற்றெழுபத்தொன்று.

பின்கண்ணாடி வழியாகச் சாலை தெரியவில்லை. உள்பக்கமாகப் பனிப்பூ படர்ந்திருந்தது. பின்பக்க ஜன்னல்களிலும். அவன் மூச்சு ஒருவனுடையது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கண்ணாடியை மூடமுடியாது. யாரோ பின்னால் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து, மெதுவாக, மூச்சுவிட்டுக்கொண்டு வருவது போலப் படர்ந்திருந்தது.

போதும். ஹீட்டரைப் போடலாம். இவ்வளவு தூரம் மிச்சமிருக்கும்போது என்ன?

பொத்தானை அழுத்தினான். காற்று வந்தது. குளிர்ந்த காற்று. வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து, நிலவறையைத் திறந்த மாதிரி. எண் மூன்று கூடியது. மறுபடி அழுத்தினான். இன்னும் மூன்று.

கையை எடுத்தான்.

கோட்டுப்பையில் ஏதோ தொடையைச் சுட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே விட்டான். முட்டை. மூன்று மணி நேரமாக இந்தக் குளிரில் கிடந்த முட்டை, அவன் வாங்கியபோது இருந்த அதே கதகதப்போடு இருந்தது. அதைக் கையில் மூடி வைத்துக்கொண்டான். விரல்களுக்கு உயிர் வந்தது. உலகத்தில் சூடாக இருந்த ஒரே பொருள்.

போன் கிணுங்கியது. பூசணி அக்கா. முதலில் மூக்கை உறிஞ்சினாள்.

"கதவை ஒடைச்சுத் தொறந்துட்டாங்கப்பா. போயிட்டான் நம்ம முயலு. ரெண்டேகால், ரெண்டரை வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. குளிர்ல தூக்கம் வந்தா அவ்ளோதானாம். போன் அப்பவே அணைஞ்சு போயிருக்கு. மடியில ஒரு முட்டை வெச்சிருக்கான், உரிக்கக்கூட இல்ல." குரல் உடைந்தது. "வரிசையில மொத ஆளா நின்னிருக்கான்பா. அவனுக்குப் பின்னாடி நின்னது யாரு? அந்தப் புண்ணியவான் ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தா."

செய்தி முடிந்தது.

ரெண்டரை. அப்போது அவன் தூணில் நின்றான். பக்கக் கண்ணாடியில் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்துக்கொண்டு.

கையில் முட்டை மெதுவாகக் குளிர்ந்தது. நடுவிலிருந்து ஓட்டுக்கு. பிறகு அது கல்.

பனிமுயலின் செய்தியைத் தேடினான். விரல் திரையில் ஒட்டிப் பிரிந்தது. இருந்தது. மூன்றரைக்கு வந்திருந்தது. அதன் கீழே அவன் அனுப்பிய பதில். தூங்கு. அதைக் கேட்டுவிட்டதாக அடையாளம் விழுந்திருந்தது.

போன் திரை கறுத்தது. குளிரில் செத்துப்போனது.

டொக் டொக்.

சக்கரத்தின் அடியில் இல்லை. பின்ஜன்னலில். உள்பக்கம்.

"அண்ணே."

செத்த போனிலிருந்து வந்ததா? தெரியவில்லை. அவன் பார்க்கவில்லை.

"என் முறை வந்துடுச்சா?"

முந்நூற்று நாற்பது.

"வந்துடுச்சு," என்றான் கைதுங். உதடு மரத்திருந்தது. "வந்துடுச்சுடா. மன்னிச்சுடு. உன் முறைதான். உன் முறைதான்." சொல்லிக்கொண்டே இருந்தான். சொன்ன ஒவ்வொரு சொல்லும் வெள்ளை மூச்சாக எழுந்து பின்பக்கமாகப் போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் எண் ஒன்று கூடியது. அப்போதுதான் கவனித்தான். ஒரு மூச்சு, ஒன்று. ஒரு மூச்சு, ஒன்று.

மூச்சை அடக்கினான். எண் நின்றது.

எவ்வளவு நேரம் அடக்கமுடியும்?

விட்டான். இரண்டு கூடியது.

பிரேக்கை மிதித்தான். கால் மிதித்ததா என்று தெரியவில்லை. கால் இருந்ததா என்றே தெரியவில்லை. வண்டி எழுபதில் போனது. குலுங்காமல். சத்தமில்லாமல். சுங்கச்சாவடியின் தடை தானாகத் தூக்கிக்கொண்டது. பெய்யான் என்று அவன் ஊர்ப் பலகை வந்தது. ஊர் விளக்குகள். சிவப்புக் கூண்டுவிளக்குகள். யாரோ வெடி வெடித்தார்கள். அது கம்பளிக்கு அப்பால் கேட்டது. அவனுக்கு இப்போது குளிரவில்லை. இதமாக இருந்தது. உடம்பு முழுக்க வெந்நீர்ப் பை வைத்த மாதிரி. கோட்டைக் கழற்றலாம் போலிருந்தது. குளிரில் அப்படித் தோன்றினால் என்ன அர்த்தம் என்று அவனே குரூப்பில் ஒரு முறை சொல்லியிருக்கிறான்.

தூங்காதே. தூங்காதே.

பக்கத்து இருக்கையின் பஞ்சு, யாரோ உட்கார்ந்தது போல அமுங்கியது.

அவன் திரும்பவில்லை.

வண்டி அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குள் திரும்பியது. வழக்கமான இடத்தில், மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, தானே நின்றது. ஐந்தரை மணி. ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. அதன் ஆவிபடிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஷூவென், அவன் மனைவி, கொழுக்கட்டைத் தட்டோடு குறுக்கே போனாள். நேரத்துக்கு வந்துவிட்டான். நாலாயிரம் முறை மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி.

கதவுப் பொத்தானை அழுத்தினான். விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தம் போகவில்லை. வெளியே கதவோடு கதவாகப் பதிந்த கைப்பிடி பனியில் மூடிக்கிடக்கும். வாயைத் திறந்தான். மூச்சு வந்தது. ஒன்று கூடியது. குரல் வரவில்லை.

படிக்கட்டுக் கதவு அடித்தது. பனியில் நறநறவென்று பெரிய காலடி ஒன்று, ஓடிவரும் சின்னக் காலடி ஒன்று.

"பாரேன்! இந்த வருஷம் இழுத்துட்டு வராம, ஓட்டிட்டே வந்துட்டான் உங்கப்பன்!" தாலியாங்கின் சிரிப்பு.

"அப்பா! அப்பா!"

கண்ணாடிக்கு அப்பால் ஒரு சிவப்புக் குல்லா. பனிப்பூவின் வெள்ளையில் அது மங்கலாக ஆடியது. ஒரு சின்ன உள்ளங்கை, கையுறையில்லாமல், கண்ணாடியில் பதிந்தது. அந்தச் சூட்டில் உள்பக்கப் பனி கரைந்து, ஐந்து விரலோடு ஒரு கை அளவுக்குத் தெளிந்தது.

தட்டு. தட்டு கண்ணே. இரண்டே தட்டு.

"மாமா, அப்பா தூங்கறாரா?"

தாலியாங் குனிந்தான். அவன் மீசையில் பனி தொங்கியது. "ஆமாண்டா கண்ணு. காலையிலேருந்து ஒண்டியா ஓட்டிட்டு வந்திருக்கான்."

"ஒண்டியா இல்ல. பக்கத்துல ஒருத்தர் இருக்காரே."

"அட, ஆமா. வழியில யாரையோ ஏத்திட்டு வந்திருக்கான். காதுக்குல்லாவோட அவனும் நல்லா தூங்கறான் பாரு." தாலியாங்கின் குரல் இறங்கி, இளகியது. கைதுங்கிடம் அவன் ஒரு நாளும் பேசாத குரல். "நல்ல மனுசன்டா உங்கப்பன்."

"தட்டி எழுப்பட்டுமா?"

"வேணாம், வேணாம். பாவம், தூங்கட்டும். நல்ல தூக்கத்துல எழுப்பறது பாவம். சாப்பாடு எடுத்து வெச்சதும் வந்து கூப்பிடலாம். வா, உள்ள போலாம், குளிருது."

உள்ளங்கை விலகியது.

அது விட்டுப்போன ஐந்து விரல் தெளிவு வழியாக, சிவப்புக் குல்லா படியேறுவதைக் கைதுங் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படி. ஒரு படி. கதவு அடித்தது. பக்கத்திலிருந்து ஒரு மூச்சு, அவனுடையது அல்லாத ஒரு மூச்சு, மெதுவாக வந்து கண்ணாடியில் பட்டது. சுண்டுவிரல் முதலில் மூடியது. பிறகு மோதிரவிரல். பனி ஓரத்திலிருந்து உள்ளே வளர்ந்து, ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு பொட்டளவு மஞ்சள் வெளிச்சம் மிஞ்சியது.

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.